நடு நாற்காலி

ஜான்சி வீட்டில் எடுத்த எந்தக் குடும்பப் படத்திலும் அவள் அம்மா ஆரோக்கியமேரி உருப்படியாக விழுந்ததில்லை. எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, அடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடைசியாக ஓடிவந்து, கிடைத்த ஓரத்தில் ஒட்டிக்கொள்வாள். நடு நாற்காலி அப்பா லூர்துசாமிக்கு. வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஆட்களை அதட்டி வேலை வாங்கும் சார்ஜ்மேன். வீட்டுக்கு வந்தாலும் அந்த உத்தியோகத்தைக் கழற்றி வைக்க மாட்டார்.

புனேயில், கட்கி குவார்ட்டர்ஸ் கூடத்தில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் சாதாரண லென்ஸில் நாலு தலைக்கு மேல் அடங்காது. அதனால் போன ஈஸ்டருக்கு ஜான்சி தன் பழைய ஃபிலிம் கேமராவில் வைட் லென்ஸ் மாட்டினாள். அத்தனை பேரும் அடங்கினார்கள். ஆனால் அந்த லென்ஸுக்கு ஒரு கெட்ட புத்தி. நடுவில் இருப்பவரை ஒன்றும் செய்யாது. ஓரத்தில் நிற்பவரைப் பிடித்து இழுத்துவிடும். பிரிண்ட் போட்டு வந்தபோது அம்மாவின் முகம் பலாப்பழமாக நீண்டிருந்தது. அண்ணி ஜோசபின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் கூடச் சிரித்தாள். மறுநாள் பார்த்தால், படத்தில் தான் நின்ற ஓரத்தை மட்டும் அவளே கத்தரித்து எடுத்திருந்தாள். அடுத்த படத்தில் அம்மா நடுவில், இல்லாவிட்டால் படமே கிடையாது என்று ஜான்சி அன்றே முடிவு கட்டினாள்.

அண்ணன் மகளின் ஞானஸ்நானத்தன்று அதற்கு வேளை வந்தது. கோயிலிலேயே ஃபிலிம் கிட்டத்தட்டத் தீர்ந்துபோய் இரண்டே படம் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை கட்கி பஜாரில் போய் ஃபிலிம் கேட்டால் சிரிப்பார்கள்.

"அப்பா, நீங்க அந்த ஓரத்துக்குப் போங்க."

"நான் இன்னாடி தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. இன்னிக்கு அம்மா நடுவுல."

"பிரியாணி தம்முல இருக்குது, என்னை விடுடி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஜான்சி போய் கேஸை அணைத்தாள். அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்து, குழந்தையை மடியில் கிடத்தினாள். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேமராவை நேராகப் பார்த்தாள். ஜான்சி அழுத்தினாள்.

எல்லாரும் கலைந்தார்கள். லென்ஸை மூடலாம் என்று பார்த்தால், மூடி அதன் மேலேயே இருந்தது. இந்த வகைக் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு. ஜன்னலில் எல்லாம் பளிச்சென்று தெரியும். லென்ஸ் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடக்கும். ஜான்சிக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"ஜானே தோ ஜான்சி, விடு, மொபைல்லயே எடுத்துக்கலாம்," என்றான் அண்ணன்.

"பாத்தியா, மாதாவுக்கே இஷ்டமில்ல," என்று அப்பா நடு நாற்காலியில் போய்ச் சாய்ந்தார். அம்மா அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"மொபைல்ல எத்தனையோ எடுத்துட்டீங்க. எதுலயாவது அம்மா ஒழுங்கா இருக்காங்களா?" ஜான்சி வாசலை மறித்து நின்றாள். "இன்னும் ஒரு படம் இருக்கு. அம்மா நடுவுல வராம எடுக்க மாட்டேன். ஃபிலிம் உள்ளயே கிடந்து மக்கட்டும்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, அப்பாவின் எதிரில் நின்றாள்.

"எந்திரிங்க. அது என் சேர்."

அப்பா எழுந்து ஓரத்துக்குப் போனார். குழந்தையை வாங்கிக்கொண்டு அம்மா அமர்ந்தாள். ஜான்சி ஜன்னலில் கண்ணை வைத்தாள்.

"மூடியைக் கழட்டுனியாடி?" என்று அம்மா அதட்டினாள். அந்த நேரத்தில் ஜான்சி அழுத்தினாள்.

அந்தப் படம் இப்போது கூடத்தில் தொங்குகிறது. ஓரத்தில் அப்பா பலாப்பழமாக நிற்கிறார். நடுவில் அம்மா, முழுசாக, வாயைத் திறந்து அதட்டிக்கொண்டிருக்கிறாள். கத்தரிக்கோலை அவள் எடுக்கவில்லை. ஆணி அடித்து மாட்டியதே அவள்தான்.