ஒரு முழம் தள்ளி

நேற்று மத்தியானம் மாமரத்தின் காய்ந்த கிளை ஒன்று முறிந்து அக்காவின் சைக்கிள் ரிப்பேர் கடைக் கூரையில் விழுந்தது. நல்லவேளை, அவள் டீ குடிக்கப் போயிருந்தாள். மரமேறிக் கிளை கழிப்பது தம்பிக்குத் தொழில். காலையிலேயே கயிறும் ரம்பமுமாக வந்து ஏறிவிட்டான்.

பாதி மரம் ஏறியதுமே அப்படியே நின்றுவிட்டான். கீழிருந்து பார்த்தால் மரம் பச்சைப்பசேலென்றுதான் இருந்தது. ஆனால் அந்தப் பச்சையில் முக்கால்வாசி மாவிலையே இல்லை. தடித்த, குட்டையான இலைகளோடு கிளைக்குக் கிளை சட்டமாக உட்கார்ந்து மரத்தின் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது புல்லுருவி. அதற்கு அப்பால் மரத்தின் சொந்தக் கொம்புகள் வெறும் சுள்ளியாக நின்றன. அதையெல்லாம் அறுத்தால் மிஞ்சுவது மொட்டைக் கட்டை. அறுக்காவிட்டால் அடுத்த கிளை யார் மண்டையில் விழுமோ.

"என்னடா, மேலயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்றாள் அக்கா, ட்யூபைத் தண்ணீரில் முக்கியபடி. "காய்க்கலைன்னாலும் எப்படித் தழைச்சிருக்கு பாரு!"

மூன்று வருடத்துக்கு முன் இருந்தது ஒரே ஒரு புல்லுருவிக் கொத்து. அதன் வேர் கிளைக்குள்ளேயே ஓடும். அது ஒட்டிய இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிளையோடு அறுக்க வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வாரமே கற்ற பாடம். ஆனால் அந்தக் கிளைதான் கடைக்கு நிழல். "அதை மட்டும் விட்டுடுடா" என்று அக்கா கெஞ்சினாள். இவன் கொத்தை மட்டும் ஒடித்துப் போட்டுவிட்டு, "வேரோட போச்சுக்கா" என்று கூசாமல் புளுகினான். அது மறுபடி தழைத்துப் பழுத்தது. குருவிகள் தின்று, பிசுபிசுத்த விதையை மரமெங்கும் தேய்த்துவிட்டன. அதன்பின் இந்தப் பக்கம் வந்தபோதெல்லாம் அவன் அண்ணாந்து பார்த்ததே இல்லை.

இறங்கி வந்து எல்லாவற்றையும் சொன்னான், மரத்தையே எடுத்தாக வேண்டும் என்பதையும் சேர்த்து. அவள் ட்யூபுக்கு ஒட்டுப் போட்டபடியே கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"அன்னைக்கே அறுத்திருந்தா ஒரு கிளையோட போயிருக்குமா?"

"ஆமாக்கா. நீ கேட்டியேன்னுதான்..."

"நான் கேப்பேன். எனக்கு என்னடா தெரியும்? தெரிஞ்சவன் நீதானே."

அவள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் போட்டு உட்கார்ந்தாள்.

"போ, வெட்டு. இனிமே இங்க உக்காந்து பழகணும்ல."