சீட்டு இல்லாத இரண்டு மண்டையோடுகள்

மருத்துவக் கல்லூரியில் மண்டையோடுகளைத் துடைத்து வகுப்பு மேசையில் வைப்பது என் வேலை. இருபத்துமூன்று வருடமாக வைக்கிறேன். அவற்றில் இரண்டுக்கு மட்டும் கன்ன எலும்பில் நூலால் கட்டிய சீட்டு உண்டு. ஒன்றில் 'துறவி', மற்றதில் 'கொலைகாரன்'. பேராசிரியர் வருடா வருடம் இரண்டையும் கையில் ஏந்தி, புருவ எலும்பைத் தடவிக் காட்டி, ஒரே பிரசங்கத்தைச் செய்வார். மனிதன் பிறக்கும்போதே நல்லவனாகவோ கெட்டவனாகவோதான் பிறக்கிறான். கடவுள் போட்ட தலையெழுத்து எலும்பிலேயே இருக்கிறது. வளர்ப்பும் படிப்பும் வெறும் மேல்பூச்சு. பிள்ளைகள் வாயைப் பிளந்து எழுதிக்கொள்வார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.

இந்த வருடம் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, என் வீட்டில் தங்கிப் படிக்கும் தங்கச்சி மகள். அவள் அப்பன் ஒரு சண்டையில் ஆளைக் கொன்றுவிட்டுச் சிறையில் இருக்கிறான். வகுப்பில் யாருக்கும் தெரியாது. போன வாரம் பிரசங்கம் முடிந்த அன்று வீட்டுக்குப் போனால், பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"நான் படிக்கல மாமா. நாளைக்கு ஆபரேஷன் பண்ணச் சொல்லி என் கையில கத்தியக் குடுப்பாங்க. எனக்கு இருக்கறது அப்பாவோட தலைதானே?"

கண்ணாடி முன்னால் நின்று புருவத்தைத் தடவித் தடவிப் பார்த்திருக்கிறாள். அந்த இடமே சிவந்திருந்தது.

எனக்குக் கோபம் முதலில் பேராசிரியர் மேல்தான் வந்தது. பிறகு என் மேல் வந்தது. ஏனென்றால் எனக்கு ஒன்று தெரியும், பதினேழு வருடமாகத் தெரியும்.

"செவ்வாய்க்கிழமை வகுப்பு வரைக்கும் பொறு. அதுக்கப்புறமும் போறேன்னா, பெட்டிய நானே தூக்கிட்டு வர்றேன்" என்றேன்.

செவ்வாய் காலை கத்தரியால் இரண்டு நூலையும் வெட்டினேன். துறவிக்கு அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"சீட்டு எங்கய்யா?" என்றார் பேராசிரியர்.

"எதுக்கு சார்? எலும்புலயே எழுதியிருக்குன்னு நீங்கதானே சொல்றீங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அறுபது பேர் பார்க்கும்போது தெரியாது என்று சொல்ல மனம் வருமா? இரண்டையும் தூக்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். கடைசியில் ஒன்றைத் தட்டினார்.

"இதுதான் கொலைகாரன். பார்த்தாலே தெரியலையா?"

அதைப் புரட்டிக் காட்டினேன். "இந்தப் புள்ளி நான் காலையில வச்சது சார். போன வாரம் இவரைத்தான் துறவின்னு சொன்னீங்க."

"ஏமாத்து வேலை! உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

வேணும்தான். ஆனால் மூன்றாவது வரிசையில் தங்கச்சி மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன்.

"இன்னொண்ணும் இருக்கு சார். பதினேழு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டையும் ஒரே தொட்டியில போட்டுக் கழுவினேன். சீட்டு ரெண்டும் கழண்டு தண்ணியில மிதந்துச்சு. எது யாரோடதுன்னு தெரியல. பயத்துல குத்துமதிப்பாக் கட்டினேன். மறுநாளே நீங்க கொலைகாரனோட புருவத்தைத் தடவி, 'பாருங்க எவ்வளவு தடிப்பு'ன்னீங்க. அது யாரோட புருவமோ, சத்தியமா எனக்குத் தெரியாது."

பேராசிரியர் கையிலிருந்த இன்னொன்றை மேசையில் வைத்தார்.

"வெளியே போய்யா!"

"போறேன் சார். ஆனா அந்தச் சீட்டை இனிமே நான் கட்ட மாட்டேன்."

மறுநாள் கல்லூரியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தங்கச்சி மகள் கட்டி வைத்த பெட்டியைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து நோட்டை உருவி ஒரு தாளைக் கிழித்தாள்.

"மன்னிப்பு கேக்கணுமா மாமா?"

"பதினேழு வருஷம் சும்மா இருந்ததுக்குக் கேளு. நூலை வெட்டினதுக்குக் கேக்காத."

எழுதி முடித்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு அவளே கீழே 'சாட்சி' என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஒற்றை எழுத்தாகச் சுருக்கி வைத்திருந்த அப்பன் பெயரை, செய்தித்தாளில் வந்த அதே பெயரை, அதற்கு முன்னால் முழுசாக எழுதினாள்.