தாங்கள் என்றொரு வசவு

காரைக்குடியில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் பெல்சி ஆசிரியையாக இருந்தாள். தொண்ணூற்றெட்டாம் வருஷம் அந்த மையத்துக்கு இணைய இணைப்பு வந்தது. மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி, தொடர்பு கிடைத்து, நாலு மின்னஞ்சல் இறங்குவதற்குள் வகுப்பே முடிந்துவிடும். அப்படி இறங்கிய ஒரு மின்னஞ்சல் வழியாகத்தான், ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போய்ச்சேரும் ஒரு மடற்குழுவை அவள் கண்டுபிடித்தாள்.

குழுவில் இருநூறு பேர் இருந்தார்கள். அமெரிக்காவில், சிங்கப்பூரில், கனடாவில், சென்னையில் என்று இருந்துகொண்டு லினக்ஸைத் தமிழில் பேசவைக்கப் பார்த்தார்கள். அந்த மென்பொருள் யாருக்கும் சொந்தமில்லை; யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். சம்பளம் கிடையாது, மேலதிகாரி கிடையாது. பெல்சிக்கு அது கிட்டத்தட்ட கோயில் காரியம் மாதிரி இருந்தது. அந்தோணியார் திருவிழாவுக்குத் தேர் ஜோடிக்கிறவர்களை யார் கூலி கொடுத்துக் கூப்பிடுகிறார்கள்?

கணினி காட்டும் செய்திகளைத் தமிழாக்க ஆள் போதவில்லை என்று குழுவில் எழுதியிருந்தார்கள். பெல்சி செம்மலை ஐயாவிடம் சொன்னாள். நாட்டரசன்கோட்டைக்காரர், ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர், ஐம்பதைத் தாண்டியவர். மாலை வகுப்பில் அவளிடம்தான் தட்டச்சுப் பழகிக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர் தமிழ்ல பேசும்ங்கிறீக?"

"பேசும்யா. என்ன பேசணும்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். அதற்குப் பிறகு கல்லூரி விட்டதும் நேரே மையத்துக்கு வந்துவிடுவார். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி கணினி பேசவேண்டும் என்பது அவர் கட்சி. 'கோப்பு கிடைக்கவில்லை, பெயரைச் சரிபாருங்கள்' என்று எழுதுவார்; 'சரிபார்' என்று எழுத அவருக்குக் கை வராது. நூற்றுக்கணக்கான வாக்கியங்களை எழுதிக் கொடுத்தார். பெல்சி அனுப்பிவைத்தாள்.

அந்த வாக்கியங்களுக்கு நடுவே அங்கங்கே சதவீதக் குறியும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். நிரல் ஓடும்போது அந்த இடத்தில் கோப்பின் பெயர் வந்து உட்காரும். செம்மலை அதை அச்சுப்பிழை என்று நினைத்து எல்லா இடத்திலும் துடைத்துவிட்டார். பெல்சியும் கவனிக்கவில்லை. குழுவில் அதைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தபோது நிரல் படுத்துவிட்டது.

குழுவை நடத்தியவர் முத்தரசு. சிங்கம்புணரிப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம், கலிபோர்னியாவில் வேலை. நிரலில் பெரும்பகுதி அவர் எழுதியது. குழு இயங்கிய கணினியும் அவர் வீட்டில்தான் இருந்தது. அவர் இருநூறு பேருக்கும் போகும்படி எழுதினார்: "இந்தத் தமிழ் வாத்தியாரை யார் உள்ளே விட்டது? யோவ், இது பட்டிமன்ற மேடை இல்லை. என்னவென்று தெரியாவிட்டால் தொடாதே. சாக்பீசைப் பிடித்துக்கொண்டு ஊரிலேயே இரு." அதன்கீழே நாலைந்து பேர் சிரிக்கும் முகக் குறியைப் போட்டிருந்தார்கள்.

செம்மலைக்கு வரும் மின்னஞ்சல்களை அச்சடித்துக் கொடுப்பது பெல்சியின் வழக்கம். இதை மறைத்துவிடலாமா என்று நினைத்தாள். அதற்குள் அவரே பின்னால் வந்து நின்று திரையில் படித்துவிட்டார்.

"அந்தக் குறிய நான் பிழைன்னுல்ல நெனச்சேன்" என்றார். பிறகு, "இத எல்லாரும் படிப்பாகளா?"

"படிப்பாகய்யா."

"வெளிநாட்டுலயுமா?"

அவள் திரையை அணைத்தாள். அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். அதோடு மையத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

பெல்சிக்கு நெஞ்சு ஆறவில்லை. சண்டை போடாமல், குழுவுக்கு ஒரு நீண்ட மடல் எழுதினாள். வேலை எல்லாருக்கும் பொது என்றால் மரியாதையும் பொதுவாக இருக்கவேண்டும். அதற்குச் சில விதிகளை வகுத்துக்கொள்வோம் என்றாள். யாரையும் நீங்கள் என்றே அழைப்பது. பிழையைக் கண்டால் முதலில் அவரிடம் தனியே சொல்வது. ஒருவருடைய தொழிலையோ, ஊரையோ, ஆங்கிலத்தையோ கேலி பேசாதிருப்பது. புதிதாக வந்தவருக்குத் தெரியாததைக் குற்றமாகப் பாராமல் சொல்லிக்கொடுப்பது. இப்படி ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பிவிட்டுப் பயந்துகொண்டே இருந்தாள்.

அவள் பயந்தது நடக்கவில்லை, ஒரே பாராட்டு. டொரோன்டோவிலிருந்து ஒருவர் 'சகோதரி' என்று விளித்து உருகியிருந்தார். முத்தரசே எழுதினார்: "மிக அவசியமானது. நானும் சில சமயம் கோபத்தில் வார்த்தையை விட்டிருக்கிறேன்." கூடவே தம் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். நடத்தை பற்றிய புகாரைப் பொதுவில் எழுப்பினால் வேலை கெடும். அதனால் ஒருங்கிணைப்பாளருக்குத் தனிமடலில்தான் அனுப்பவேண்டும். ஒருங்கிணைப்பாளர் யார் என்ற கேள்வி வந்தபோது, கணினி யார் வீட்டில் இருக்கிறதோ அவரே இருக்கட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். பெல்சியும் சரி என்றுதான் எழுதினாள். அவர் மனம் மாறிவிட்டார் என்று நிசமாகவே நம்பினாள்.

அந்த நம்பிக்கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, நாட்டரசன்கோட்டைக்கு பஸ் ஏறினாள். செம்மலையின் மனைவி பொன்னுத்தாயி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றார்.

"திரும்பக் கூப்பிடவா வந்தீக?"

"ஆமாக்கா. இப்ப விதி போட்டுருக்கோம். இனிமே அப்படி யாரும் பேச முடியாது."

"அவரு ரெண்டு மாசமா யாருகூடயும் சரியாப் பேசல. இப்பத்தேன் தேறி வாராரு. விட்டுருங்களேன்."

செம்மலை உள்ளேயிருந்து வந்தார். விதிகளை அச்சடித்து எடுத்து வந்திருந்தாள். வாங்கி நிதானமாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. "நல்லா எழுதிருக்கீக" என்றார். "புதுசா வந்தவுகளுக்குச் சொல்லிக்குடுக்கணும்னு போட்டீக பாருங்க, அது." மறுவாரமே மையத்துக்கு வந்துவிட்டார்.

இந்த முறை ஒவ்வொரு குறியையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் முத்தரசுக்கு 'சரிபாருங்கள், கொடுங்கள்' பிடிக்கவில்லை. வாக்கியம் நீண்டு, திரையில் வரும் பெட்டிக்குள் அடங்கவில்லை என்பது அவர் குறை. குறை நியாயமானதுதான். அதை அவர் குழு முழுவதுக்கும் எழுதிச் சொன்ன விதம் இது:

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்குத் தாழ்மையான வணக்கம். தாங்கள் கணினியைத் தங்கள் மாணவன் என்று எண்ணி ஒழுக்கம் போதித்திருப்பது கண்டு மெய்சிலிர்த்தேன். தங்கள் பொன்னான நேரத்தை இதில் வீணாக்குவது தமிழன்னைக்கே பொறுக்காது. தாங்கள் இனி நல்ல ஓய்வெடுத்துக்கொண்டால் எங்கள் வேலை விரைவில் முடியும் என்பதைப் பாதம் பணிந்து தெரிவிக்கிறேன்."

வரிக்கு வரி தாங்கள். கேலி என்றால் புகழ்ச்சி என்பார்; பிழை இல்லாததால் தனியே சொல்லும் விதியும் பொருந்தாது. ஒரு வார்த்தையைக்கூட விதியில் மாட்டிவிட முடியாது. கீழே அதே சிரிக்கும் முகங்கள். இந்தத் தடவை எண்ணிக்கை கூடியிருந்தது.

செம்மலை அதை இரண்டு தரம் படித்தார். "மொதத் தடவ திட்டுனாரு. அது தேவலாம்" என்று மட்டும் சொன்னார்.

பெல்சி அன்றைக்கே குழுவில் எழுதினாள். தனிமடலில் யாருக்கு அனுப்புவது? புகாரும் அவர் மேல்தான், கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறவரும் அவர்தான். 'இது மரியாதை இல்லை, மரியாதையின் வேஷம். அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள்' என்று பொதுவிலேயே எழுதிவிட்டாள்.

மறுநாள் பதில் வந்தது. "எந்த விதி மீறப்பட்டது என்று சகோதரி காட்டவில்லை. ஆனால் புகாரைப் பொதுவில் எழுப்பக்கூடாது என்ற விதியை அவரே மீறியிருக்கிறார். சக உறுப்பினரை வேஷக்காரர் என்றும் சொல்லியிருக்கிறார். விதிகளை எழுதியவருக்கே சலுகை காட்டினால் விதிக்கு என்ன மதிப்பு? கனத்த மனத்துடன் அவரை நீக்குகிறேன்." அதற்குப் பிறகு குழுவிலிருந்து அவளுக்கு ஒரு மடலும் வரவில்லை.

தனிமடலில் இரண்டு பேர் எழுதினார்கள். நியாயம் அவள் பக்கம்தான் என்றார்கள். பொதுவில் சொல்ல முடியாத நிலையில் இருப்பதாகவும் சொன்னார்கள். டொரோன்டோக்காரர் அதுவும் எழுதவில்லை. அவள் எழுதிய விதிகளால் முதலில் வெளியேற்றப்பட்டது அவளேதான்.

அடுத்த தை மாதம் முத்தரசு தம் அக்கா மகள் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தார். அமெரிக்காவில் தமிழ் வளர்ப்பவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, செம்மலை வேலைபார்த்த கல்லூரியில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். ஊரிலிருந்த பயிற்சி மையங்களுக்கும் அழைப்பு வந்தது. போகாமல் இருந்திருக்கலாம். பெல்சி நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனாள்.

வள்வள்ளென்று கத்துகிற ஆளை எதிர்பார்த்திருந்தாள். வந்தவர் ஒல்லியாக, அடங்கிய குரலில் பேசினார். வாசலில் நின்ற வாட்ச்மேனுக்குக்கூடக் குனிந்து வணக்கம் சொன்னார். "நல்லா இருக்கீகளா? நம்ம பக்கம் எந்த ஊரு?" என்று ஒவ்வொருவரையும் விசாரித்தார். அவர் மேடை ஏறியதும் தமிழ்த்துறை சார்பில் பொன்னாடை போர்த்த ஒருவரை அழைத்தார்கள். செம்மலை எழுந்து வந்தார். சால்வையை விரித்து முத்தரசின் தோளில் போட்டு, மடிப்பு நீவிவிட்டு, கைகூப்பினார். முத்தரசு அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள்.



முத்தரசு நன்றாகப் பேசினார். யாருக்கும் சொந்தமில்லாத மென்பொருளைப் பற்றி, அன்பைப் பற்றி. "எங்க குழுவுல நடத்தைக்குன்னே விதி வச்சிருக்கோம். இப்ப வேற ரெண்டு குழுவும் அதக் கேட்டு வாங்கியிருக்காக" என்றார். கேள்வி கேட்கலாம் என்று அறிவித்ததும் பெல்சி எழுந்தாள்.

"அந்த விதிகள எழுதுன ஆள ஏன் நீக்குனீக? செம்மலை ஐயாவப் பத்தி நீங்க என்ன எழுதுனீகன்னு இங்க சொல்ல முடியுமா? சாக்பீசப் பிடிச்சிட்டு ஊர்லயே இருன்னு எழுதல? ஓய்வெடுக்கச் சொல்லிக் கேலி பண்ணல?"

கூட்டம் திரும்பி அவளைப் பார்த்தது. அப்புறம் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த செம்மலையைப் பார்த்தது. முன்வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, "ஏம்மா, விருந்தாளிகிட்ட மரியாதையாப் பேசுங்க" என்றார். மாணவர் பக்கம் யாரோ 'சாக்பீசு' என்று சொல்ல, ஒரு சிரிப்பு ஓடியது.

"பரவால்ல சார், விடுங்க" என்றார் முத்தரசு. "மேடம் பெல்சிதானே? நேர்ல பாத்ததுல ரொம்பச் சந்தோஷம். அவுக சொல்றது சரிதான், அந்த விதியெல்லாம் அவுக எழுதுனதுதான். நம்ம ஊருப் பொண்ணு. அவுகளுக்கு ஒரு கைதட்டு குடுங்க."

அரங்கம் முழுக்கக் கைதட்டியது. செம்மலையும் குனிந்த தலையோடு தட்டினார். கைதட்டல் ஓய்ந்தபோது பெல்சியின் கேள்வி எங்கே போனது என்றே தெரியவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் செம்மலை அவளைப் பிடித்துக்கொண்டார். அவர் இவ்வளவு கோபமாக அவள் பார்த்ததில்லை.

"எதுக்கு எந்திரிச்சீக?"

"உங்களுக்காகத்தான்யா. நீங்களே சால்வை போத்துறீக…"

"பிரின்சிபால் போத்தச் சொன்னாரு, போத்துனேன். எனக்கு இன்னும் நாலஞ்சு வருஷம் சர்வீஸ் கெடக்கு. எனக்காகப் பேசுங்கன்னு நான் உங்ககிட்டக் கேட்டேனா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தாளு எழுதுனத இருநூறு பேரு படிச்சாக. அவுக மூஞ்சி எனக்குத் தெரியாது, எம் மூஞ்சி அவுகளுக்குத் தெரியாது. இன்னைக்கு நீங்க சொன்னது எம் பிள்ளைகளுக்குத் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு வகுப்புல நான் சாக்பீச எடுத்தா எவனாவது சிரிப்பான். பிழைய மொதல்ல ஆளுகிட்டத் தனியாச் சொல்லணும்னு எழுதுனீகளே, எங்கிட்ட ஒரு வார்த்தை தனியாக் கேக்கணும்னு ஒங்களுக்குத் தோணலையா?"

அவர் போய்விட்டார். சைக்கிள்களுக்கு நடுவே அந்த வெள்ளை வேட்டி மறையும்வரை அவள் அங்கேயே நின்றாள். கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது. சுற்றிலும் மாணவர்கள் நின்றார்கள். அவர்கள் முன்னால் கூப்பிட்டால் அது இன்னொரு அவமானம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

"மேடம், டீ சாப்பிடலையே நீங்க."

திரும்பினாள். முத்தரசு, கையில் இரண்டு டம்ளரோடு நின்றார். தோளில் அந்தச் சால்வை இன்னும் இருந்தது. பின்னால் பேராசிரியர்கள் நாலு பேர் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீங்க எப்ப வேணும்னாலும் குழுவுக்குத் திரும்பி வரலாம். விதிப்படி ஒரு சின்ன மன்னிப்பு மடல் போட்டாப் போதும். இந்தாங்க, சூடா இருக்கு, பாத்துப் பிடிங்க."

அவள் வாங்கிக்கொண்டாள். நாலு பேர் பார்க்கும்போது வாங்காமல் இருக்க அவளுக்குத் தெரியவில்லை.

"சக்கரை போதுமா?"

"போதும்" என்றாள் பெல்சி.