ஈட்டி மேசையின் கால்கள்

“சேர்மன் மேடம், ஆடாம உக்காருங்க,” என்றான் ஓஸ்வால்ட்.

“முதல்ல காபி எங்கய்யா? ஒரு சேர்மனை இப்படியா நடத்துவ?” என்றாள் அல்போன்சா.

ஜோகுபாளையத்துப் பட்டறையில், அந்த உயரமான நாற்காலியில் கால் தரைக்கு எட்டாமல் அவள் உட்கார்ந்திருந்தாள். நடுவில் குக்கர் விசில் அடிக்க, பின்கட்டுக்கு ஓடி அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி ஏறி உட்கார்ந்தாள். “போர்டு மீட்டிங்ல பாதியில எழுந்து போற சேர்மனை இப்பத்தான் பாக்கறேன்,” என்று அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் முழங்கைக்கு நேராக, நிறுத்திவைத்த ரீப்பர் கட்டையில் பென்சில் கோடு இழுத்தான். அன்று மாலைக்குள் அந்தக் கோட்டைக் கணக்காக வைத்து ஈட்டி மரத்தில் நான்கு கால்களை அறுத்து, கீழே போகப்போக ஒடுங்கும்படி கையாலேயே இழைத்துச் சுவரோரம் சாத்தினான். மறுநாள் காலை மரக்கடையில் ஒரு பலகையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான்.

பெரிய கம்பெனித் தலைவர்களுக்கு மேசை செய்வதுதான் அவர்கள் தொழில். டேப் பிடித்து அளந்தால் மனுஷன் விறைப்பாகிவிடுவான், அது அவன் உட்காரும் உடம்பு இல்லை என்பான் ஓஸ்வால்ட். அதனால் அவர்களுடைய ஆபீசுக்கே போய் ஒரு காலை முழுக்க மூலையில் உட்கார்ந்து பார்ப்பான். போனை எந்தப் பக்கம் வைக்கிறார், கோபம் வந்தால் முன்னால் சாய்கிறாரா பின்னாலா, இழுப்பறைக்கு எந்தக் கை போகிறது. திரும்பி வந்ததும் அவருக்கான நாற்காலியை முதலில் செய்து, அதில் அவருக்குப் பதிலாக அல்போன்சாவை உட்காரவைப்பான். அவள் குள்ளம். அந்த ஆளின் முழங்கை உயரத்துக்கு அவளைத் தூக்கிவிட, ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு பலகை இழைத்து நாற்காலியில் போட்டு, அதன்மேல் உட்காரச் சொல்வான். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஊரின் எத்தனையோ பெரிய மனிதர்களாக அவள் உட்கார்ந்து எழுந்திருக்கிறாள்.

அவன் போன பிறகு அவள் பட்டறையைப் பூட்டிவிடத்தான் நினைத்தாள். பட்டறையில் கூட வேலை செய்யும் கிருஷ்ணப்பா விடவில்லை. கல்லறையிலிருந்து திரும்பிய மறுநாளே வந்து உளிகளைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்து வீட்டு அம்புஜம் வாரக்கணக்கில் சோறு அனுப்பினாள். பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தால் கோபித்துக்கொண்டாள். அந்த மேசைக்குச் சொல்லியிருந்த கம்பெனித் தலைவர் கோதண்டராமன், “மெதுவா பண்ணுங்கம்மா, நான் எங்கயும் போயிடல,” என்று போனில் சொல்லிவிட்டு அதன்பின் ஒரு தடவைகூடத் தொந்தரவு செய்யவில்லை. இத்தனை பேர் தாங்கிப்பிடிக்கையில் விழுவதுகூட மரியாதைக்குறைவு என்று அவளுக்குத் தோன்றியது. ஓஸ்வால்ட் இழைத்துவைத்த கால்கள்மேல் கிருஷ்ணப்பா சட்டத்தையும் மேற்பலகையையும் ஏற்றினான். அவள் மெழுகு பூசினாள்.

வைட்ஃபீல்டில் பதினோராவது மாடிக்கு மேசை ஏறியது. கோதண்டராமன் மீட்டிங்கில் இருந்தார். மேற்பலகையைக் கடைசியாக ஒருமுறை துடைத்த அல்போன்சா, கால் கடுக்க, அவருடைய புது நாற்காலியிலேயே ஏறி உட்கார்ந்தாள். முழங்கைகள் இரண்டும் தாமாகப் போய் மேசைமேல் அமர்ந்தன. தோள் இறங்கியது. என்ன சுகமாக இருக்கிறது என்று நினைத்தாள்.

அடுத்த நொடி முழங்கைகளைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். பலகை இல்லாமல் எந்த மேசையும் அவளுக்கு இப்படிப் பொருந்தியதில்லை.

அன்று குக்கரை அணைக்க எழுந்தபோது பலகை சரிந்திருக்க வேண்டும். எடுத்துச் சுவரில் சாத்தியது அவளா, அவனா? திரும்பி வந்து வெறும் நாற்காலியில் உட்கார்ந்ததை, சிரித்த சிரிப்பில் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அவள் சொன்னதும் கிருஷ்ணப்பா நாற்காலியையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தான். “அக்கா, ஏனூ ஹேள்பேடி. வாயே தொறக்காதீங்க. நாற்காலிக் காலை அரை மணியில அறுத்துடறேன். அவருக்குத் தெரியவே தெரியாது.”

“அறுத்தா அவரு முட்டிய எங்க வெப்பாரு கிருஷ்ணப்பா? அவரு ஒட்டகம்டா.”

“அப்ப மேசைக்கு வேற கால்தான்,” என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே தலையைக் குனிந்துகொண்டான். ஓஸ்வால்ட் கை வைத்துச் செய்த கடைசி வேலை அந்தக் கால்கள்தான்.

கோதண்டராமன் வந்தார். ஆறடிக்கு மேல். மேசையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு ஆசையாக வந்து உட்கார, முட்டி இழுப்பறையில் இடித்தது. அவர் முகம் சுளிக்காமல் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது அல்போன்சாவால் பொறுக்க முடியவில்லை.

“சார், தப்பு எங்களுது. இது உங்க அளவு இல்ல. என் அளவு.” பலகையையும் குக்கரையும் சொன்னாள். “வேற கால் போட்டாத்தான் சரியா இருக்கும். போட்டுத் தந்துடறோம்.” கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்தது.

அவர் எழுந்தார். குனிந்து ஒரு காலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவினார். “அன்னிக்கு என் ரூம்ல உக்காந்து பார்த்தாரே, போகும்போது என்ன சொன்னார் தெரியுமா? சார், கோபம் வந்தா நீங்க காலை ஆட்டறீங்க, அதுக்கு எடம் வேணும்னார். என் மிஸஸ்கூட அதைக் கவனிச்சதில்ல.” நிமிர்ந்தார். “இந்தக் காலை மாத்த வேண்டாம்மா. வேற வழி சொல்லுங்க.”

இதுவரை யோசித்தது ஓஸ்வால்ட். அவன் சொன்னதைக் கம்ப்யூட்டரில் வரைந்தது மட்டுமே அவள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருடைய பளபளத்த ஷூ கண்ணில் பட்டது.

“ஷூ போட்டுடலாம் சார்,” என்றாள்.

“எனக்கா?”

“மேசைக்கு.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கிருஷ்ணப்பாவும் பயம் விட்டுச் சிரித்தான்.

அவளே யோசித்து வரைந்த முதல் வடிவம் அது. காலின் ஒடுக்கத்தைத் தொடர்ந்து இறங்கி, அடியில் லேசாக அகலும் பித்தளைக் காலணிகள். கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்ப்பவனுக்கும் அவை பின்னால் சேர்த்தவை என்று தெரியக்கூடாது என்று திரும்பத்திரும்ப அழித்து வரைந்தாள். அல்சூரில் வார்த்து வாங்கி, மீண்டும் பதினோராவது மாடிக்கு ஏறினார்கள்.

“பசை போடட்டுமா அக்கா?”

“வேணாம். ஸ்க்ரூ. கழட்டணும்னா கழட்டலாம்.”

கோதண்டராமன் உட்கார்ந்தார். முட்டி தாராளமாக உள்ளே போனது. அவள் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் போன் அடித்தது. யாரோ என்னவோ சொல்ல, முன்னால் சாய்ந்து கத்தத் தொடங்கினார். மேசைக்கு அடியில் அவர் கால் ஆடியது, எதிலும் இடிக்காமல்.

அல்போன்சா சத்தம் போடாமல் துணியை மடித்துக்கொண்டாள். பித்தளைக்குள் நான்கு கால்களும் ஓஸ்வால்ட் அறுத்த நீளத்திலேயே நின்றன.