ஒரே சந்தியில் ஒன்பது தேங்காய்

கோயில் செயலாளர் மகாலிங்கத்துக்கு எதையும் கொம்பியூட்டர் சொன்னால்தான் நம்பிக்கை. பிரெஞ்சுத் தலைநகரத்து லா சப்பலில் தேர் இழுக்கும்போது சந்திக்குச் சந்தி நின்று தேங்காய் அடிப்பது வழக்கம். இத்தனை வருடமும் கண்ணால் பார்த்துத்தான் அடித்தார்கள். அந்த வருடம் சந்திகளை எண்ண, சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த ஸ்ரீஹரியைப் பிடித்தார். அவன் லீவு நாட்களில் இணைய வரைபடத்துக்கு வீதி கீறுகிற பெரிய கெட்டிக்காரன்.

அவன் கொடுத்த பட்டியலில், மெற்றோப் பாலத்தடிச் சந்தி மட்டும் ஒன்பது தடவை இருந்தது.

"உது ஒரு சந்தியெல்லோ?" என்றாள் கோயிலில் பூ கட்டும் யோகராணி.

"இல்ல ஆன்ட்டி. பாலத்துக்கு ரெண்டு பக்கமும் ரோடு தனி, சைக்கிள் லேன் தனி. கிராஸ் ஆகற ஒவ்வொரு இடமும் ஒரு ஜங்ஷன். அப்படிப் போடலன்னா நேவிகேஷன் தப்பா வழி சொல்லும்."

"தேருக்கு வழி சொல்லவோ? ஐயர் பாதை தெரியாமல் நகரத்துக்கு வெளியிலை திரான்சிக்குப் போயிடுவாரோ?"

"உங்களுக்கு உது விளங்காது அக்கா," என்றார் மகாலிங்கம். "லிஸ்டில இருக்கிற சந்தியை விட்டால் சாமிக் குற்றம்."

யோகராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொலிஸ் அனுமதி பகல் இரண்டு மணி வரைக்கும்தான். அவள் வீடு பெர்டோனே வீதியில், தேர் கடைசியாக வருகிற இடம். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன கணவர் இராஜேந்திரன் மூன்று வருடமாக அந்த ஐந்தாம் மாடியை விட்டு இறங்கவில்லை. லிஃப்ட் இல்லை. ஜன்னலால் தேர் பார்ப்பதுதான் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே திருவிழா.

அன்று பாலத்தடியில் தேங்காய் அடித்தார்கள். நாலடி இழுத்தார்கள், நிறுத்தினார்கள், மறுபடி அடித்தார்கள். மகாலிங்கம் பேனையும் பேப்பருமாக ஒவ்வொன்றுக்கும் சரி போட்டுக்கொண்டு நின்றார். அந்த முகத்தில்தான் என்ன பெருமை!

"மகாலிங்கம், காணுமடாப்பா, நிப்பாட்டு! அவர் அங்கை பாத்துக்கொண்டு நிக்கிறார்!"

"இன்னும் மூண்டுதான் அக்கா."

ஒன்பதாவது தேங்காய் சிதறவும் பொலிஸ்காரன் விசில் ஊதவும் சரியாக இருந்தது. தேரைக் கோயிலுக்குத் திருப்பினார்கள். அவள் வீதி முனை கண்ணுக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

யோகராணி மூச்சிரைக்க ஐந்து மாடியும் ஏறினாள். இராஜேந்திரன் வேட்டியும் விபூதியுமாக, ஒற்றைக் கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"மேளம் கேட்டது," என்றார் குழறியபடி. "பிறகு கேக்கேல்லை."

அவள் அவரைக் கதிரையில் இருத்திவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதாள்.

அடுத்த ஞாயிறு ஸ்ரீஹரி லப்டொப்போடு வீட்டுக்கு வந்தான். "சாரி ஆன்ட்டி. தேர் லிஸ்ட்ல அந்த ஒன்பதையும் ஒண்ணாக்கிட்டேன்."

அவள் திரையில் இருந்த வரைபடத்தை உற்றுப் பார்த்தாள். அவள் வீதியில் விளக்குக் கம்பம் இருந்தது, மரம் இருந்தது, முனையில் குப்பைத்தொட்டிகூட இருந்தது.

"எங்கடை ஜன்னல் எங்கை?"

"அதெல்லாம் வரையறது இல்ல ஆன்ட்டி."

"ஓம். குப்பைத்தொட்டியைக் கீறுவியள். மனிசன் காத்துக்கொண்டு நிண்ட ஜன்னலைக் கீறமாட்டியள்."