குஞ்சப்பனையில் நின்ற இரண்டு வண்டிகள்

போட்டிக் கம்பெனியின் மின்சாரப் பிக்கப் ஒன்றை வாங்கி, பெயர் தெரியாமல் கறுப்பு டேப் ஒட்டி, கோத்தகிரியிலிருந்து மலையிறக்கினோம். ஓட்டியது நான். பின்னாலேயே எங்கள் கம்பெனி வண்டியை பிராங்ளின் ஓட்டி வந்தான். இரண்டிலும் ஒரே அளவு மணல் மூட்டை. எங்களுடையதே உசத்தி என்று சொல்லத்தான் பிரேக் இன்ஜினியரான எனக்குச் சம்பளம் என்பது மேலாளர் கீர்த்திவாசனின் நினைப்பு. நல்ல நினைப்பு!

திங்கட்கிழமை எங்கள் வண்டி விற்பனைக்கு வருகிறது. முதலில் வாங்கப்போவது அரவேணுப் பக்கம் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிறவர்கள். என் அம்மா அன்னக்கிளி அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள்.

நடுவழியில் குஞ்சப்பனையில் நிறுத்தி, பிரேக் சூடு பார்க்க போட்டி வண்டியின் சக்கரத்தில் தண்ணீர் தெளித்தேன். சும்மா வழிந்தது. எங்களுடையதில் தெளித்ததும் சுர்ரென்று ஆவி பறந்தது. கருகிய வாடை வேறு.

பிராங்ளின் வெலவெலத்துப்போய் இறங்கினான். "பெடல் அடிவரைக்கும் போகுதுக்கா. கடைசி வளைவுல உசுரே போயிட்டு வந்துச்சு."

என் பக்கத்துச் சீட்டில் வந்திருந்த கீர்த்திவாசன் இறங்கி என்னைத்தான் முறைத்தார். "மேல இருக்கற மூட்டையெல்லாம் எதுக்கு ரஞ்சனி? சட்டப்படி உள்ள பாரத்த மட்டும் வெச்சு இன்னொரு தடவ இறக்கு."

"அது ஆளுங்க பாரம் சார். மழை புடிச்சா, பஸ்ஸ விட்டா, கொழுந்து மூட்டை மேலதான் எங்க பொம்பளைங்க ஏறி வருவாங்க."

"ஏறக்கூடாதுன்னு ஸ்டிக்கர் ஒட்டிடலாம்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. ஸ்டிக்கராம்! நனைந்துகொண்டு நிற்கிறவள் அதைப் படித்துவிட்டுத் திரும்பி நடப்பாளாக்கும்.

"சட்டப்படி பாரத்துலயே போன மாசம் வாடை வந்துச்சுங்க சார். சொன்னேன், நீங்க காதுலயே வாங்கல."

"போட்டிக்காரனுக்கு வக்காலத்தா?"

"ஆமாங்க. அவன் பிரேக் நல்லாருக்கு. அதச் சொல்ல எனக்கென்ன வெக்கம்?"

"உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணுங்க. அதுக்காக எங்கம்மாவ இதுல ஏத்தி அனுப்ப முடியாதுங்க."

எங்கள் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டேன்.

"மூட்டை மேல ஏறி உக்காருங்க சார். நானே ஓட்டறேன். மேட்டுப்பாளையம் போய்ச் சேந்துட்டா, பிரேக் சரின்னு நீங்க காட்டற இடத்துல கையெழுத்துப் போடறேன்."

பிராங்ளின் வாயைப் பிளந்தான். கீர்த்திவாசன் சக்கரத்தைப் பார்த்தார். இன்னும் வாடை அடங்கவில்லை. கீழே வளைந்து இறங்கும் ரோட்டைப் பார்த்தார்.

"எனக்குக் கோயம்புத்தூர்ல மீட்டிங் இருக்கு," என்றார். விறுவிறுவென்று நடந்துபோய், போட்டிக் கம்பெனி வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

எங்கள் வண்டியின் சக்கரத்துக்குக் கல் வைத்து, பிராங்ளினைக் காவலுக்கு விட்டு, நான் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

"நான் கையெழுத்துப் போடமாட்டேன். திங்கக்கிழமை நம்ம வண்டி வெளிய வராதுங்க சார்," என்றேன்.

அவர் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.