பாதம் பற்றி ஒரு கட்டுரை

அரசுத் தேர்வில் தேறியவர், கன்பூசியஸின் நூல்களைக் கரைத்துக் குடித்தவர் என்று பெயரெடுத்த துவான் ஷௌயி, நாற்பது வயதில் ஞானஸ்நானம் பெற்று, ஷாங்காயில் ஒரு திருச்சபை வாரப் பத்திரிகைக்கு ஆசிரியரானார். பழைய நண்பர்கள் பலர் அவர் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அச்சு மையின் வாசனை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

ஒரு வாரம், பெண்பிள்ளைகளின் பாதங்களை இறுக்கிக் கட்டி ஒடிக்கும் வழக்கத்தைக் கண்டித்து எழுதினார். பெற்றவர்கள் தந்த உடலைச் சிதைப்பது ஆசான் கன்பூசியஸுக்கும் அடுக்காது, ஆண்டவருக்கும் அடுக்காது என்பது வாதம். மனைவி யுன்னியாங்கிடம் பெருமையாக வாசித்துக் காட்டினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. நம்ம பொண்ணு ஆலிங்கோட கால்கட்டை யாரு அவுக்கறது? பத்திரிகை வாங்கறவங்களா?"

துவானுக்கு முகம் சிவந்தது. மறுநாள் காலை மகளின் கால்களை வெந்நீரில் வைத்து இருவருமாகத் துணியைப் பிரித்தார்கள். ஆலிங் வலி தாங்காமல் அழுதாள். அதற்குப் பிறகுதான் கட்டுரை அச்சுக்குப் போனது.

இலையுதிர் காலத்தில், அவரோடு தேர்வெழுதிய மாவ் வென்ச்சிங் பல்லக்கில் வந்து இறங்கினார். ஆலிங்கைத் தம் மகனுக்குப் பேசி முடித்திருந்தவர் அவர். பாதம் கட்டாத பெண்ணை நல்ல குடும்பங்கள் மருமகளாக எடுப்பதில்லை; யுன்னியாங் கவலையோடு தேநீர் வைத்தாள்.

"ஏன்யா, ஏசுவைக் கும்பிட்டா கும்பிட்டுட்டுப் போ. எங்க ஆசானை எதுக்குய்யா சாட்சிக்கு இழுக்கறே?"

"உன் ஆசான் மட்டுமா? எனக்கும் அவர்தான்யா ஆசான்."

"பேச்சுல உன்னை ஜெயிக்க முடியுமா!"

அப்போது முற்றத்தில் வாத்து ஒன்று கூண்டை விட்டு ஓட, ஆலிங் அதைத் துரத்திக்கொண்டு கோணல்மாணலாக ஓடினாள். பிடித்தும்விட்டாள். மாவ் கோப்பையைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சம்பந்தத்தை முறிக்கத்தானே வந்தே? சொல்லிடு" என்றார் துவான்.

"யாரு சொன்னா? என் கடைக்குட்டிப் பொண்ணுக்குப் போன மாசம் பாதத்தைக் கட்டினோம். அது அழுகற அழுகையில என் பெண்டாட்டி சோறே தின்னல." மாவின் குரல் தணிந்தது. "அவுத்தா ரொம்ப வலிக்குமா?"

யுன்னியாங் கதவோரமிருந்து முந்திக்கொண்டாள்: "புதுக் கட்டுதானே அண்ணே, சீக்கிரம் சரியாயிடும். நான் வந்து அவுத்து விடறேன்."

"வாம்மா. ஆனா இவன் அதைப் பத்திரிகையில போடக் கூடாது."

"பேரு போட மாட்டேன்" என்றார் துவான்.

"பாத்தியாம்மா இவனை!" என்று மாவ் சிரித்துவிட்டார். அன்று வாத்துக் குழம்போடு எல்லாரும் சாப்பிட்டார்கள். துவான் ஜெபம் செய்தபோது, மாவ் கண்ணை மூடவில்லை. ஆனால் சாப்பாட்டுக் குச்சிகளைத் தொடாமல் காத்திருந்தார்.